எஸ்சிட்டலோபிராம் நிப்பாட்டி 5ஆம் நாள், மண்டைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி: வருத்தம் திரும்புதா?

கடலோரம்_87

அம்மாக்கு 58 வயது. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மூண்டு வருஷமாகப் போடுறா. கடைசி ஒரு வருஷமா நித்திரை, சாப்பாடு, திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய்வாறது எல்லாம் பழையபடி. அதால குறைச்சுப் பார்க்கலாம் எண்டு கிளினிக்கில சொல்லி, ரெண்டு கிழமை 5 மில்லி, பிறகு நிப்பாட்டுறது எண்டு எழுதித் தந்தாங்க. அப்படியே செய்தம்.

நிப்பாட்டி மூண்டாம் நாள் தலைச்சுத்து. இண்டைக்கு அஞ்சாம் நாள். ரோட்டில பஸ் வருதா எண்டு சடாரெண்டு திரும்பிப் பார்த்தால் மண்டைக்குள்ள கரண்ட் வெட்டின மாதிரி "சிர்ர்" எண்டுதாம். ஓங்காளம், விடிய விடியக் கனவு, சும்மா இருக்கேக்கயும் அழுகை. அடுத்த கிளினிக் மூண்டு கிழமைக்குப் பிறகு.

வேற குளிசை: பிரஷருக்கு லொசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும்.

இது பழைய மனச்சோர்வு வருத்தம் திரும்புறதா, குளிசை விட்டதால வாறதா? திரும்பக் குடுக்கலாமா? ஒண்டுவிட்டு ஒரு நாள் குடுத்துக் குறைக்கச் சொல்லி பக்கத்து வீட்டு அன்ரி சொல்றா, அது சரியா?

பாமசி மேசை

முதல்ல ஒரு சின்னத் திருத்தம். "5 மில்லி" எண்டு எழுதாதீங்க. மில்லிகிராமா மில்லிலீற்றரா எண்டு முழுசா எழுதிப் பழகுங்க. இப்ப குளிசையாக இருக்கிறதால குழப்பமில்லை. பிறகு தண்ணியில கரைச்சு அளக்கிற கட்டம் வந்தால் இந்த ஒரு சொல்லாலயே அளவு ரெண்டு மடங்காகிப் போகும்.

நீங்க எழுதினதை வைச்சுப் பார்த்தால் இது குளிசை விட்டதால வாற விலகல் குணங்குறிதான். மூண்டு விஷயம் அதைக் காட்டுது. ஒண்டு, நேரம். எஸ்சிட்டலோபிராமின் அரைவாழ்வு (இரத்தத்தில இருக்கிறது பாதியாகக் குறையிற நேரம்) கிட்டத்தட்ட 30 மணித்தியாலம். கடைசிக் குளிசைக்குப் பிறகு மூண்டு நாளில இரத்தத்தில இருக்கிறது கால்வாசிக்கும் கீழ இறங்கும். அம்மாக்குத் தொடங்கினதும் அந்த நாள்தான். மனச்சோர்வு திரும்புறது இப்படி நாள் குறிச்சு வராது, கிழமைக்கணக்கா, மாதக்கணக்கா மெல்ல மெல்லத்தான் இறங்கும். ரெண்டு, மண்டைக்குள்ள கரண்ட். கண்ணைப் பக்கவாட்டில வேகமா அசைக்கேக்க வாற அந்த வெட்டு மனச்சோர்வின் குணங்குறியில இல்லை, இந்த வகைக் குளிசை இறங்கேக்கதான் வரும். மூண்டு வருஷத்துக்கு முதல் அம்மா வருத்தமா இருந்தபோது இது இருந்ததா எண்டு கேட்டுப் பாருங்க. மூண்டாவது, திரும்ப எடுத்தால் ஒண்டு தொடக்கம் மூண்டு நாளுக்குள்ள தணியும். மனச்சோர்வு அவ்வளவு கெதியா மாறாது, அதுக்குக் குளிசை வேலை செய்யவே ரெண்டு கிழமைக்கு மேல செல்லும்.

அழுகையை மட்டும் பார்த்து "வருத்தம் திரும்பிட்டுது, சாகும்வரைக்கும் குளிசைதான்" எண்டு முடிவெடுக்கிற குடும்பங்கள்தான் கூட. அழுகை, எரிச்சல், பதகளிப்பு ரெண்டிலயும் வரும். அதோட சேர்ந்து உடம்பில என்ன வருதெண்டு பார்த்துத்தான் பிரிக்கலாம்.

இப்ப செய்ய வேண்டியது: மூண்டு கிழமை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கிளினிக் கொப்பியோட நாளைக்கே போங்க. திகதி இல்லாட்டியும், "குளிசை நிப்பாட்டினதுக்குப் பிறகு இப்படி" எண்டு சொன்னால் பார்ப்பாங்க. டொக்டரிட்டக் கேக்க வேண்டியது ஒண்டுதான்: கடைசியாகச் சுகமாக இருந்த அளவுக்கு, அதாவது 5 மில்லிகிராமுக்குத் திரும்பலாமா எண்டு. நிப்பாட்டி அஞ்சு நாள்தான் எண்டதால அது இலகுவாகச் சரிவரக் கூடிய நேரம். மாதக்கணக்கா விட்டுட்டுத் திரும்பத் தொடங்கினால் சிலருக்கு நல்லாக் கேக்கும், சிலருக்குப் பதகளிப்புக் கூடும். அப்படியானவங்களுக்கு 1, 2 மில்லிகிராமில் இருந்துதான் தொடங்குவாங்க.

டொக்டர் பிழை விட்டிட்டார் எண்டு நினைக்காதீங்க. ரெண்டு தொடக்கம் நாலு கிழமையில குறைச்சு நிப்பாட்டுறதுதான் கனகாலமா எல்லா இடத்திலயும் வழக்கம். கனபேருக்கு அது ஒண்டும் செய்யிறதும் இல்லை. 2024இல் லான்செட் சைக்கியாட்ரியில வந்த பெரிய தொகுப்பாய்வில, மருந்து விட்டவங்களில 31% பேருக்கு ஏதாவது குணங்குறி, வெற்றுக்குளிசை விட்டவங்களிலயும் 17% பேருக்கு. கடுமையா வந்தது கிட்டத்தட்ட 35 பேரில ஒராளுக்கு. ஆனால் அதில கனபேர் கொஞ்சக் காலம்தான் குளிசை எடுத்தவங்க. மூண்டு வருஷம் எடுத்த ஒராளுக்கு இன்னும் மெதுவாகத்தான் போக வேணும்.

ஒண்டுவிட்டு ஒரு நாள் கதை: அன்ரி நல்ல மனசோடதான் சொல்றா, ஆனால் எஸ்சிட்டலோபிராமுக்கு அது சரிவராது. 48 மணித்தியால இடைவெளியில அளவு மூண்டில ஒண்டுக்கு இறங்கி, அடுத்த குளிசையோட திரும்ப ஏறும். ஒவ்வொரு ரெண்டு நாளுக்கும் ஒருக்கா நிப்பாட்டித் தொடங்கின மாதிரித்தான். புளுவொக்செட்டினுக்கு மட்டும் அது சரிவரும், ஏனெண்டால் அதுவும் அது உடைஞ்சு வாற பொருளும் நாட்கணக்கா உடம்பில கிடக்கும்.

வார்ட் மணி

மேல சொன்னது சரி. ஆனால் 58 வயசு அம்மா, தயசைட் போடுறவ, தலைச்சுத்து எண்டால் முழுப் பழியையும் எஸ்சிட்டலோபிராமில போடக் கூடாது. இந்த வகைக் குளிசையும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் சேர்ந்தால் இரத்தத்தில சோடியம் இறங்கக் கூடும். தலைச்சுத்து, ஓங்காளம், தலையிடி, தடுமாற்றம் எல்லாம் அதிலயும் வரும். ஓங்காளத்தால சாப்பிடாமல் வெறும் தண்ணியைக் குடிச்சுக்கொண்டிருந்தால் இன்னும் இறங்கும். கிளினிக்குக்குப் போகேக்க சீரம் எலெக்ரோலைற் (இரத்தத்தில உப்புப் பார்க்கிற சோதனை) ஒண்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்க. பிரஷரை இருந்தபடி ஒருக்கா, எழும்பி நிண்டு மூண்டு நிமிஷத்துக்குள்ள இன்னொருக்கா பார்க்கச் சொல்லுங்க. மேல் இலக்கம் 20 அல்லது அதுக்கு மேல விழுந்தால் அது வேற கணக்கு.

இன்னும் மூண்டு கேள்விக்குப் பதில் போடுங்க:

கடந்த ஒரு மாதத்தில வேற எந்தக் குளிசையாவது நிப்பாட்டினீங்களா, தொடங்கினீங்களா? குறிப்பா ஒமெப்ரசோல் (நெஞ்செரிவுக்கு), ட்ரமடோல் (நோவுக்கு).

ஓங்காளத்துக்கு என்ன குடுக்கிறீங்க? வீட்டில டொம்பெரிடோன் இருக்கும், குடுக்காதீங்க. எஸ்சிட்டலோபிராமும் டொம்பெரிடோனும் ரெண்டுமே இதயத் துடிப்பின் கியூ.ரி. இடைவெளியை (ஈ.சி.ஜி.யில அளக்கிறது, நீண்டால் துடிப்புப் பிழைக்கலாம்) நீட்டக் கூடியவை. திரும்ப 5 தொடங்கப் போறவங்க இதைச் சேர்த்துப் போடக் கூடாது. இஞ்சித் தேத்தண்ணி, உப்புப் போட்ட கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக நாலைஞ்சு தரம் சாப்பாடு போதும்.

தடிமன் இருமலுக்குப் பாணி எதுவும்? போத்தலில டெக்ஸ்ட்ரோமெத்தோர்பன் எண்டிருந்தால் எஸ்சிட்டலோபிராமோட அதுவும் ஒத்துவராது.

கடலோரம்_87

ஓம், ஒமெப்ரசோல்! நெஞ்செரிவுக்கு ஒரு வருஷமா 20 மில்லிகிராம் போட்டவ. "குளிசை எல்லாம் குறைக்கிறம்தானே" எண்டு அதையும் சேர்த்து நிப்பாட்டினா, எஸ்சிட்டலோபிராம் 5 ஆக்கின அதே கிழமை. அதுக்கும் இதுக்கும் தொடர்பிருக்கா? டொம்பெரிடோன் நேத்து ஒண்டு குடுத்தது, இனிக் குடுக்கேல்ல.

பாமசி மேசை

இருக்கு, நல்ல தொடர்பிருக்கு. எஸ்சிட்டலோபிராமை ஈரல் உடைக்கிற முக்கிய நொதியத்தை ஒமெப்ரசோல் தடுக்கும். ரெண்டையும் சேர்த்துப் போட்டால் இரத்தத்தில எஸ்சிட்டலோபிராம் கிட்டத்தட்ட 50% கூடும். அதாவது அம்மா ஒரு வருஷமா 10 போட்டாலும் உடம்புக்கு அது 15 போட்ட மாதிரி. ஒமெப்ரசோலையும் விட்டிட்டு 5 ஆக்கினது 10இலிருந்து 5 இல்லை, ஏறக்குறைய 15இலிருந்து 5. பிறகு ரெண்டு கிழமையில பூச்சியம். ஏன் இவ்வளவு அடிச்சதெண்டு இப்ப விளங்குது.

இதை டொக்டரிட்டக் கட்டாயம் சொல்லுங்க. அவருக்குத் தெரிஞ்சிருக்க வழியில்லை, அனேகமாக ஒமெப்ரசோல் வேற துண்டில எழுதினதாகத்தான் இருக்கும். குறைக்கிற காலம் முழுக்க மற்றக் குளிசைகளைத் தொடாமல் வைச்சிருக்கிறதுதான் புத்தி. ஒரு நேரத்தில ஒரு மாற்றம். பிறகு நெஞ்செரிவுக்கு ஏதும் தேவைப்பட்டால் பாமசியில எஸ்சிட்டலோபிராம் விஷயத்தைச் சொல்லிப் பன்ரொப்ரசோல், பமொட்டிடின் கேக்கலாம், அவை இந்த நொதியத்தை அவ்வளவாகச் சீண்டாது.

சிகரெட்டும் இதே மாதிரித்தான், சில மருந்துக்கு. டுலொக்செட்டின் போடுறவர் புகைச்சால் இரத்தத்தில அளவு மூண்டில ஒண்டு குறைவாக இருக்கும். குறைக்கிற மாதத்திலயே சிகரெட்டையும் விட்டால் கணக்கு மாறும். அம்மாக்குத் தேவையில்லை, வாசிக்கிற மற்றவங்களுக்காக.

கடலோரம்_87

போய்வந்தம். சோடியம் சரியாம், பிரஷரும் சரி. 5 மில்லிகிராம் திரும்பத் தந்தவர். இண்டைக்கு மூண்டாம் நாள். கரண்ட் அடிக்கிறது நாளைக்கு ரெண்டு மூண்டு தரம்தான், அழுகை நிண்டிட்டுது. டொக்டர் சொன்னது, "கொஞ்ச நாள் இதில நிண்டு பிறகு மெதுவாகக் குறைப்பம், 2.5 ஆக்குங்க" எண்டு. 2.5க்குப் பிறகு என்ன செய்யிறது? அதைவிடச் சின்னக் குளிசை இல்லையே.

பாமசி மேசை

நல்லது. நாலு கிழமையாவது 5இல நில்லுங்க. கரண்ட் முழுசா நிண்டு, நித்திரை சீராகி, அதுக்கு மேல ரெண்டு கிழமை சும்மா கழிஞ்ச பிறகுதான் அடுத்த படி.

ஏன் கீழ்ப்பக்கம் மெதுவாகப் போகவேணும் எண்டு விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும். இந்தக் குளிசைகள் மூளையில செரட்டோனின் எண்ட இரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சிற கடத்திகளைப் பிடிச்சு மூடும். எவ்வளவு குளிசைக்கு எத்தினை வீதம் மூடுது எண்டது நேர்கோடு இல்லை. 2019இல் மார்க் ஹோரோவிற்ஸும் டேவிட் டெய்லரும் லான்செட் சைக்கியாட்ரியில சிட்டலோபிராமுக்குக் காட்டின கணக்கைப் பாருங்க: 40 மில்லிகிராமுக்குக் கிட்டத்தட்ட 86%. 20க்கு 80%. 9.1க்கு 70%. 5.4க்கு 60%. 3.4க்கு 50%. 1.5க்கு 30%. 0.37க்கே 10%.

40இலிருந்து 20க்குப் பாதியாகக் குறைச்சால் போறது 6 வீதம்தான். 5.4இலிருந்து ஒரேயடியாகப் பூச்சியத்துக்கு விழுந்தால் போறது 60 வீதம். மேல்மாடியில படி அகலம், கீழ வரவரக் கிணத்துப் படி மாதிரிச் செங்குத்து. எஸ்சிட்டலோபிராம் சிட்டலோபிராமின் வேலை செய்யிற பாதி, அதால அளவுகளை ஏறக்குறைய அரைவாசியாக எடுத்து வாசியுங்க: அம்மா நிப்பாட்டின 5 மில்லிகிராம் அந்த அட்டவணையில 10க்குக் கிட்ட, 70 வீதம். எழுபதிலிருந்து பூச்சியத்துக்குக் குதிச்சிருக்கிறா.

இங்கிலாந்தின் நைஸ் (மருத்துவ வழிகாட்டல் எழுதுற நிறுவனம்) வழிகாட்டல் 2022இல் இதைத்தான் சொல்லுது: முன்னைய அளவில ஒரு பங்கு வீதமாகக் குறை, உதாரணமா 50%, கீழ வரவர 25%. குளிசையை வெட்டி எட்டாத அளவுக்குத் திரவ மருந்து. திரவம் கிடைக்காத இடத்தில தண்ணியில கரைச்சு அளக்கிறதுதான் வழி.

செய்முறை. சாமான்: ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ் ஒண்டு, சின்ன அளவுக்கு 1 மில்லிலீற்றர் சிரிஞ் ஒண்டு, மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் போத்தல். இன்சுலின் சிரிஞ் வேண்டாம். அதில இருக்கிற கோடு மில்லிலீற்றர் இல்லை, யூனிற். யூ-100 சிரிஞ்சில 10 எண்ட கோடு 0.1 மில்லிலீற்றர்தான். யூ-40 சிரிஞ்சில அதே 10 எண்டது 0.25. பிழைக்கிறது இங்கதான்.

5 மில்லிகிராம் குளிசை ஒண்டை (அல்லது நடுக்கோடு உள்ள 10இன் பாதியை) போத்தலில போட்டு, சிரிஞ்சால அளந்து 10 மில்லிலீற்றர் ஆறின தண்ணி விடுங்க. ரெண்டு மூண்டு நிமிஷம் ஊறவிட்டு, உடைஞ்சு பால் மாதிரி ஆகும்வரை குலுக்குங்க. வெளி மேற்பூச்சின் துண்டு மிதக்கும், அது பரவாயில்லை. இப்ப 1 மில்லிலீற்றரில அரை மில்லிகிராம். 4 மில்லிகிராம் வேணுமெண்டால் 8 மில்லிலீற்றர், 3க்கு 6, 2க்கு 4, 1க்கு 2, அரைக்கு 1, காலுக்கு அரை மில்லிலீற்றர்.

பிழைக்கிற இடங்கள்: குலுக்கி வைச்சிட்டுத் தேத்தண்ணி போட்டுட்டு வந்து எடுத்தால் அடியில மண்டி நிண்டிருக்கும். மேல்தண்ணியை இழுத்தால் ஒரு நாள் குறைய, அடியை இழுத்தால் இன்னொரு நாள் கூட. குலுக்கின கையோட இழுங்க. மிச்சத்தை நாளைக்கெண்டு ஃபிரிஜ்ஜில வைக்காதீங்க, ஊத்திவிடுங்க. "ஐயோ வீண்" எண்டு மனம் சொல்லும், ஆனால் நேத்தையத் தண்ணியில எவ்வளவு இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சிரிஞ்சில காத்துக் குமிழ் இருந்தால் தட்டி வெளியேத்துங்க, 0.5 அளக்கேக்க ஒரு குமிழே கால்வாசி.

வெட்டுற கட்டத்துக்குக் கத்தி வேண்டாம், குளிசை வெட்டுற சின்னப் பெட்டி பாமசியில விக்கும். ரெண்டு துண்டும் ஒரே அளவாக வராது, அதால ஒரு குளிசையின் ரெண்டு துண்டையும் அடுத்தடுத்த நாளில போட்டு முடியுங்க. நாப்பது குளிசையை ஒரேயடியா வெட்டிப் போத்தலில போட்டு வைக்காதீங்க. நம்ம ஊர்க் காத்தில உப்பும் ஈரமும், வெட்டின பக்கம் பொருபொருத்துத் தூளாகும்.

இந்தக் கரைக்கிற முறையை டொக்டரிட்டக் காட்டி, அவர் கொப்பியில எழுதின பிறகு தொடங்குங்க. 4, 3, 2.5, 2, 1.5, 1, 0.75, 0.5, 0.25 எண்டு போய் நிப்பாட்டுற ஒரு கணக்கு, படிக்கு ரெண்டு தொடக்கம் நாலு கிழமை. ஆறு மாதம், ஏழு மாதம் எடுக்கும், சிலருக்கு இன்னும் கூட. நான் எழுதினது கட்டளை இல்லை, அவ தாங்கிற வேகம்தான் வேகம். ஒரு படியில குணங்குறி கூடினால் அடுத்ததுக்குப் போகாமல் நில்லுங்க. தாங்க முடியாட்டி முந்தின படிக்கு ஏறுங்க. பாதியில நிக்கிறது தோல்வியில்லை, சிலர் 1 மில்லிகிராமில வருஷக்கணக்கா நிக்கிறாங்க.

செர்ட்ரலின் போடுறவங்களுக்கு ஒரு குறிப்பு: அதைக் கரைச்சால் பயங்கரக் கைப்பு, நாக்கும் கொஞ்சம் விறைக்கும். பயப்படாதீங்க, அது மருந்தின் இயல்பு.

கிண்ணியா நானா

ஸலாம். இங்க எழுதினதெல்லாம் குளிசைக்கு. மனச்சோர்வுக்கு வென்லாபக்சின் எக்ஸ்.ஆர். 75 கெப்சியூல் போடுற ஒராளுக்கு எப்படி? அதைக் கரைக்கலாமா? ஒரு நாள் மறந்தாலே பின்னேரம் தலை கிறுகிறுக்குதாம். நோன்பும் வருது, பகல் மருந்தை என்ன செய்யிற?

பாமசி மேசை

வஅலைக்குமுஸ்ஸலாம் நானா. கரைக்கவும் கூடாது, இடிக்கவும் கூடாது. எக்ஸ்.ஆர். எண்டால் மெல்ல மெல்ல விடுற மாதிரிச் செய்தது. இடிச்சால் ஒரு நாள் மருந்து ஒரேயடியா இறங்கும். பின்னேரமே தலை கிறுகிறுக்கிறது அதிசயமில்லை. வென்லாபக்சினின் அரைவாழ்வு 5 மணித்தியாலம்தான், அது உடைஞ்சு வாற பொருளுக்கு 11. எஸ்சிட்டலோபிராமுக்கு நாள் கணக்கு, இதுக்கு மணிக்கணக்கு. விட்டால் கடுமையா வாறதில இதுவும் பரொக்செட்டினும் முன்னுக்கு நிக்கும்.

75இலிருந்து 37.5 கெப்சியூலுக்கு முதல் இறக்கம். அதுக்குக் கீழ போக, கெப்சியூலைத் திறந்து உள்ள இருக்கிற மணிகளை எண்ணிக் குறைக்கிற முறை இருக்கு. வெள்ளைத் தட்டில கொட்டி, வேண்டியதை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு கரண்டி யோகட்டில போட்டு மெல்லாமல் விழுங்க வேணும். மணிகளின் எண்ணிக்கை கம்பனிக்குக் கம்பனி, கெப்சியூலுக்குக் கெப்சியூல் வித்தியாசப்படும். மூண்டு நாலைத் திறந்து எண்ணிச் சராசரி எடுங்க. சில கம்பனிக் கெப்சியூலுக்குள்ள மணியே இல்லை, நாலைஞ்சு குட்டிக் குளிசைதான் இருக்கும், அப்ப ஒவ்வொண்டாகத்தான் குறைக்கலாம். பாமசி கம்பனியை மாத்தித் தந்தால் எண்ணிக்கையைத் திரும்பப் பாருங்க. வென்லாபக்சின் பிரஷரையும் ஏத்துறது, அதால பிரஷர் குளிசை போடுறவர் எண்டால் குறைக்கிற காலத்தில பிரஷரை அடிக்கடி பாருங்க, இறங்கக் கூடும்.

சில டொக்டர்மார் வென்லாபக்சினிலிருந்து புளுவொக்செட்டினுக்கு மாத்தி, அதை விடுவிக்கிற வழியை எடுப்பாங்க. அது முழுக்க அவங்கட கையில. வீட்டில ரெண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். நடுக்கம், வியர்வை, காய்ச்சல், வயித்தோட்டம், கால் தானா வெட்டுறது, ஆள் குழம்புறது எண்டு வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

நோன்புக்கு: ஒரு நாளைக்கு ஒரு தரம் போடுறதெண்டால் பிரச்சினையில்லை. இப்ப காலையில சாப்பாட்டோட போடுறவர் எண்டால் ஸஹருக்கு (விடிய முதல் சாப்பாட்டுக்கு) மாத்துங்க, ரெண்டு மூண்டு மணித்தியாலம்தான் முந்தும். நோன்பு திறக்கிற நேரத்துக்குத் தள்ளினால் முதல் நாள் 35 மணித்தியால இடைவெளி விழும், வென்லாபக்சினுக்கு அது ஒரு நாள் முழுசா விட்ட மாதிரி. பெருநாளுக்குப் பிறகும் அப்படியே மெல்லக் காலைக்குக் கொண்டுவாங்க. குறைக்கத் தொடங்கிறதை ரமழான் மாதத்தில வைக்காதீங்க, நித்திரை துண்டு துண்டாகிற மாதம் அது.

ஆலங்கேணி அக்கா

குறைக்கிற கணக்கு நிறைய வந்திட்டுது, நான் நாளாந்தப் பாட்டைச் சொல்றன்.

ஒரு சி.ஆர். கொப்பி எடுத்து நாளைக்கு ஒரு வரி. திகதி, அளவு, தலைச்சுத்து 0-10, கரண்ட் எத்தினை தரம், நித்திரை எத்தினை மணித்தியாலம், மனம் 0-10. அவ்வளவுதான். பெரிய டயறி எழுதினால் நாலாம் நாள் விட்டிடுவா. மூண்டு மாதத்துக்குப் பிறகு டொக்டர் முன்னால "எப்பிடி இருந்தது" எண்டால் "பரவாயில்லை" எண்டுதான் எந்த அம்மாவும் சொல்லுவா. கொப்பிதான் உண்மையைச் சொல்லும். குறைச்ச நாளிலிருந்து ரெண்டாம் மூண்டாம் நாளில ஏறி ரெண்டு கிழமையில இறங்கிற கோடு விலகல். ஏறாமல் இறங்காமல் மனம் மட்டும் கிழமைக்குக் கிழமை கீழ போனால், விடிய நாலு மணிக்கு முழிப்பு வந்தால், கோயிலுக்கும் வேண்டாம் பேரப்பிள்ளையும் வேண்டாம் எண்டால், அது வருத்தம் எட்டிப் பார்க்கிறதாக இருக்கலாம். அப்ப குறைக்கிறதை நிப்பாட்டிக் காட்டுங்க. இதைச் சின்னனாக எடுக்காதீங்க: 2021இல் இங்கிலாந்தில செய்த பெரிய பரிசோதனை ஒண்டில, நல்லா இருந்து குளிசையை விட்டவங்களில ஒரு வருஷத்துக்குள்ள 56% பேருக்கும், தொடர்ந்து எடுத்தவங்களிலயே 39% பேருக்கும் திரும்பினது. விட்டவங்களில கிட்டத்தட்ட அரைவாசிப் பேருக்குத் திரும்பேல்ல எண்டும் அதை வாசிக்கலாம்.

கனவு மோசமெண்டால் குளிசையை இரவில இருந்து காலைக்குக் கொண்டுவாங்க. மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணியை விடுங்க. நித்திரைக்கெண்டு பிரிட்டன் (தடிமன், அலர்ஜிக் குளிசை) போடுற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு, ஒண்டு ரெண்டு இரவுக்கு மேல வேண்டாம், காலையில அந்த மயக்கமும் தலைச்சுத்தும் சேர்ந்து எது எதெண்டே தெரியாமல் போகும். டயசிபாம், குளோனசிபாம் (பழக்கமாகிப் போற நித்திரைக் குளிசைகள்) பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிறதெண்டால் ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்கு.

கரண்ட் அடிக்கிற நாளில மோட்டச்சைக்கிள், ஸ்கூட்டி வேண்டாம். படியிறங்கேக்கயும் கோயில் மலைப்படியிலயும் கைபிடிச்சு. தலையைத் திருப்பேக்க கண்ணை முதல்ல வெட்டாமல் கழுத்தோட சேர்த்து மெதுவாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க, கொஞ்சம் குறையும். வெயில் ஏற முதல் கடற்கரையில அரை மணித்தியாலம் நடை.

குளிசை இருப்பு பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. கிளினிக் நாள் போயாவில (பௌர்ணமி லீவில) விழுந்தால் தள்ளிப் போகும், மார்கழி மழையில றோட்டுகள் வெள்ளத்தில கிடக்கும், சில மாதம் கிளினிக்கில இருப்பில்லாமல் வெளியில வாங்கத் துண்டு தருவாங்க. எப்பவும் ஒரு கிழமைக்குக் கூடுதலா கையில வைச்சிருங்க. தன்பாட்டில அஞ்சு நாள் இல்லாமல் போறதும் திடீர் நிப்பாட்டுதான்.

கடைசியா, இதை வீட்டில எல்லாருக்கும் சொல்லி வையுங்க. ஓரிடத்தில இருக்க முடியாமல் உள்ளுக்குள்ள பதறி நடந்துகொண்டே இருந்தால், ரெண்டு மூண்டு நாள் நித்திரையில்லாமல் ஆனால் களைப்பே இல்லாமல் அளவுக்கு மிஞ்சிக் கதைச்சுக்கொண்டிருந்தால், வலிப்பு வந்தால், "நான் இருந்து என்ன" எண்ட மாதிரி ஒரு சொல் விழுந்தால் அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்கிறதில்லை. ஆளைத் தனிய விடாமல், வீட்டில இருக்கிற குளிசை எல்லாத்தையும் எடுத்து வைச்சிட்டு, நேர ஆஸ்பத்திரிக்கு. வாகனமில்லாட்டி 1990 சுவசெரிய அம்புலன்ஸ். கதைக்க ஆள் வேணுமெண்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, இரவு பகல் எடுக்கலாம்.

கடலோரம்_87

எல்லாருக்கும் கோடி நன்றி. கொப்பி தொடங்கியாச்சு. டொக்டர் கரைக்கிற முறைக்கு ஓம் எண்டு எழுதித் தந்தவர், நாலு கிழமைக்குப் பிறகு 4 மில்லிகிராம். ஒரேயொரு கேள்வி: எந்த நாளில தொடங்கிறது? வெள்ளிக்கிழமை நல்ல நாள் எண்டு அம்மா சொல்றா.

பாமசி மேசை

கூடுதலாக இருக்கிற நாள் மூண்டாம் நாலாம் நாள். வெள்ளி தொடங்கினால் அது ஞாயிறில விழும், கிளினிக் பூட்டு. ஞாயிறு காலையில தொடங்குங்க, செவ்வாய் புதனில ஏதும் எண்டால் ஆக்கள் இருப்பாங்க. அம்மாட்டச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை கோயிலில அருச்சனை, ஞாயிற்றுக்கிழமை 8 மில்லிலீற்றர். மில்லிகிராம் இல்லை, மில்லிலீற்றர்.